பல்லே விதை: இயற்கை முறையில் பூண்டு வளர்க்கத் தொடங்குவோருக்கு ரகத் தேர்வு பற்றிய ஓர் எளிய விளக்கம்

பூண்டு பயிரிட விரும்புபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி, அந்தப் பயிருக்கு வழக்கமான பொருளில் விதை கிடையாது என்பதாகும். ஒரு முழுப் பூண்டை உடைத்து, அதன் பல் ஒன்றை மண்ணில் ஊன்றுகிறோம். சில மாதங்களில் அந்தப் பல் தன்னைப் போன்ற பல பற்கள் சேர்ந்த புதிய பூண்டாகிறது. பூசணியிலும் மக்காச்சோளத்திலும் மகரந்தச் சேர்க்கையின் வழியாக இரு பெற்றோரின் குணங்கள் கலந்து புதிய செடி பிறக்கிறது. பூண்டில் அத்தகைய கலப்பு நடப்பதில்லை. இன்று முளைக்கும் செடி, சென்ற ஆண்டு நின்ற செடியின் அதே உடல்தான்.

இந்த ஒரு செய்தியிலிருந்தே மற்றவை அனைத்தும் பின்தொடர்கின்றன. தாய்ப்பூண்டின் காரமும் நிறமும் சேமிப்புத் திறனும் மாறாமல் அடுத்த தலைமுறைக்கு வருவதைப் போலவே, அதற்குள் ஒளிந்திருக்கும் நச்சுயிரிகளும் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் கூடவே வந்துவிடுகின்றன. இரசாயன முறையில் வேளாண்மை செய்பவர் பூஞ்சைக்கொல்லி, மண்ணுக்குள் நச்சுப்புகை செலுத்திக் கிருமிகளைக் கொல்லும் மண்புகையூட்டி, களைக்கொல்லி ஆகியவற்றைக் கொண்டு பின்னர் ஓரளவு சரிசெய்து கொள்ளலாம். இயற்கை முறையில் பயிர் செய்பவருக்கு அந்த வழிகள் இல்லை. ஆகவே எந்த ரகத்தை, எத்தகைய பல்லாக, எந்த நிலத்தில் ஊன்றுகிறார் என்ற தொடக்க முடிவிலேயே விளைச்சலின் பெரும்பகுதி தீர்மானமாகி விடுகிறது. ரகத் தேர்வு வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. பூண்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை என்பதே என் கருத்து.

பூண்டின் கடிகாரம்

வெங்காயத்துக்கும் லீக் என்னும் தண்டு வெங்காயத்துக்கும் உறவான பூண்டின் தாவரவியல் பெயர் அல்லியம் சடைவம். அதன் பூர்வீகம் நடு ஆசியா. தியான் ஷான் மலைத்தொடரை ஒட்டிய பகுதிகளில் அதன் காட்டு உறவினங்கள் இன்றும் காணப்படுகின்றன. அங்கே குளிர்காலம் கடுமையானது, கோடை வறண்டது. அந்தச் சூழலுக்கு ஏற்ப அமைந்த வாழ்க்கைச் சுழற்சியைப் பூண்டு இன்னும் கைவிடவில்லை. இலையுதிர்காலத்தில் வேர்விட்டு, குளிரில் அடங்கியிருந்து, வெப்பம் திரும்பியதும் இலைகளை விரித்து, பகல் நீளும்போது குமிழைப் பருக்க வைத்து, கோடையின் வறட்சியில் இலைகள் காய்ந்து உறங்கிவிடுகிறது.

இதில் இரண்டு சமிக்ஞைகள் முதன்மையானவை. ஒன்று குளிர். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழான வெப்பநிலையில் சில வாரங்கள் கழிந்த பிறகே செடிக்குள் பற்களாகப் பிரியும் திறன் முழுமையாகத் தூண்டப்படுகிறது. மற்றொன்று பகலின் நீளம். குளிரைப் பெற்ற செடி, பகல் நீண்டு வெப்பமும் ஏறும்போது இலை விடுவதை நிறுத்திக்கொண்டு குமிழாகத் திரள்கிறது. குளிர் போதாமல் போனால் செடி நன்றாகவே வளர்ந்திருந்தாலும் பற்கள் பிரியாமல் ஒற்றைப் பூண்டாக நின்றுவிடக்கூடும். உரம் போதவில்லை என்று தொடக்கநிலையினர் கருதும் பல தோல்விகளுக்கு உண்மையான காரணம், ரகத்துக்குத் தேவையான குளிர் கிடைக்காததுதான்.

உலகெங்கும் பரவிய பூண்டு ரகங்கள் இந்தப் பழைய மலைக் கடிகாரத்தை எந்த அளவுக்குத் தக்கவைத்திருக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ரகப் பிரிவுகள் எளிதில் விளங்கும்.

கடுங்கழுத்தும் மென்கழுத்தும்

பூண்டை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிப்பது வழக்கம். நடுவில் உறுதியான பூந்தண்டு எழும்பும் வகை கடுங்கழுத்துப் பூண்டு. அந்தத் தண்டைச் சுற்றிப் பற்கள் ஒற்றை வளையமாக அமைந்திருக்கும். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு பல்லும் பெரியது. தண்டின் உச்சியில் பூக்களோடு சின்னஞ்சிறு குமிழ்களும் தோன்றும். பூந்தண்டு விடும் பழக்கத்தை ஏறக்குறைய இழந்துவிட்ட வகை மென்கழுத்துப் பூண்டு. அதில் பற்கள் அடுக்கடுக்காக நெருங்கியிருக்கும், உள்ளடுக்குப் பற்கள் சிறுத்திருக்கும், கழுத்து மென்மையாக உலர்ந்து இறுகி மூடிக்கொள்ளும். அவ்வாறு மூடிக்கொள்வதால் ஈரமும் பூஞ்சையும் உள்ளே நுழைவது கடினம். மென்கழுத்துப் பூண்டு நெடுநாள் கெடாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பின்னிக் கட்டித் தொங்கவிட ஏற்றதும் இந்த வகையே.

கடுங்கழுத்துப் பிரிவுக்குள் ரொக்கம்போல், போர்சலின், பர்ப்பிள் ஸ்ட்ரைப் என்னும் குழுக்கள் பெயர் பெற்றவை. ரொக்கம்போல் குழுவின் பூந்தண்டு இரண்டு முறை வரை சுருண்டு வளையும். தோல் தளர்வாக இருப்பதால் உரிப்பது எளிது. சுவையில் ஆழமும் இனிமையும் சேர்ந்திருப்பதாகப் பலர் இதையே முதலிடத்தில் வைப்பார்கள். ஆனால் அதே தளர்ந்த தோல் காரணமாகச் சில மாதங்களுக்கு மேல் இதைச் சேமிக்க முடியாது. நல்ல குளிர்காலம் இல்லாத இடத்தில் சரிவர விளையவும் செய்யாது. போர்சலின் குழுவில் வெண்மையான இறுக்கமான தோலுக்குள் நான்கு முதல் ஆறு மிகப் பெரிய பற்கள் இருக்கும். காரம் மிகுதி, சேமிப்புத் திறனும் கடுங்கழுத்து வகைகளுக்குள் சிறப்பானது. 'மியூசிக்' என்ற புகழ்பெற்ற ரகம் இந்தக் குழுவைச் சேர்ந்தது. ஊதாக் கோடுகள் படர்ந்த பர்ப்பிள் ஸ்ட்ரைப் குழு, மரபணு அடிப்படையில் பூண்டின் தொன்மையான வடிவத்துக்கு மிக நெருக்கமானதாகக் கருதப்படுகிறது. ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்த 'செஸ்னாக் ரெட்', உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரிலிருந்து வந்த 'பெர்சியன் ஸ்டார்' ஆகியவை இதில் அடங்கும். சுட்டு உண்பதற்கு இவற்றை விரும்புவோர் பலர்.

மென்கழுத்துப் பிரிவில் ஆர்ட்டிசோக், சில்வர்ஸ்கின் என்னும் இரண்டு குழுக்களே பெரும்பாலும் புழங்குகின்றன. கடைகளில் நாம் காணும் வெண்பூண்டில் பெரும்பகுதி இவற்றைச் சேர்ந்தது. ஆர்ட்டிசோக் பல்வேறு மண்ணையும் தட்பவெப்பத்தையும் பொறுத்துக்கொண்டு பெரிய பூண்டாக விளையும் இயல்புடையது. சில்வர்ஸ்கின் மிகத் தாமதமாக முதிர்ந்தாலும், நன்கு உலர்த்தினால் ஓராண்டை நெருங்கும் வரை கூடக் கெடாமலிருக்கும்.

இவ்விரு பிரிவுகளுக்கும் இடையில் தடுமாறும் குழுக்களும் உண்டு. கிரியோல், ஏசியாட்டிக், டர்பன் ஆகியவை மரபணு உறவில் கடுங்கழுத்தைச் சேர்ந்தவை என்றாலும், வெப்பமான சூழலில் பூந்தண்டு விடாமலே முதிர்ந்துவிடுவதுண்டு. மிதமான குளிர் மட்டுமே கிடைக்கும் இடங்களில் முயன்று பார்க்க வேண்டியவை இவைதான். குறிப்பாகக் கிரியோல் வெப்பத்தைத் தாங்குவதோடு நெடுநாள் சேமிப்புக்கும் ஏற்றது. ஏசியாட்டிக்கும் டர்பனும் மற்றவற்றை முந்திக்கொண்டு அறுவடைக்கு வந்துவிடும், அதே விரைவில் முளைத்தும் விடும். 'யானைப் பூண்டு' என்று விற்கப்படும் பெருங்குமிழ் உண்மையில் பூண்டே அன்று; அது லீக்கின் நெருங்கிய உறவினம்.

பெயர்களை எவ்வளவு நம்பலாம்?

விதைப்பூண்டு விற்பவர்களின் பட்டியல்களில் நூற்றுக்கணக்கான ரகப் பெயர்களைக் காணலாம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த மரபணு ஆய்வுகள், அங்குள்ள பூண்டுகள் ஏறத்தாழ பத்துக் குழுக்களில் அடங்குவதையும், வெவ்வேறு பெயர்களில் பராமரிக்கப்பட்ட பூண்டுகளில் கணிசமானவை ஒன்றேயாக இருப்பதையும் காட்டின. பல்லிலிருந்து பல்லாகக் கைமாறிச் செல்லும் பயிருக்கு, செல்லும் ஊர்தோறும் புதுப்பெயர் சூட்டப்படுவதில் வியப்பில்லை.

இதைத் தொடர்ந்து எழுந்த கேள்வியும் சுவையானது. ஒரே பூண்டு வெவ்வேறு இடங்களில் வளர்ந்தால் ஒரே மாதிரி இருக்குமா? பத்து ரகங்களை வட அமெரிக்காவின் பல இடங்களில் வளர்த்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. பூண்டின் மேல்தோல் நிறம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறியது. ஆனால் பற்களின் எண்ணிக்கை, அவை அமைந்திருக்கும் விதம் போன்றவை அந்தந்த ரகத்துக்கு உரியவையாகவே இருந்தன. எனவே மேல்தோல் ஊதாவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ரகத்தை அடையாளம் காண முயல்வது பிழை. பூண்டைப் பிரித்து, பற்கள் ஒற்றை வளையமா அல்லது பல அடுக்குகளா, மொத்தம் எத்தனை என்று பார்ப்பதே நம்பகமான வழி. தொடக்கநிலையினர் ரகப் பெயரைத் துரத்துவதை விட, குழுவைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

பூண்டு எப்போதுமே மலட்டுத்தன்மை கொண்டது என்ற நம்பிக்கையும் முழு உண்மை அன்று. ஜப்பானிய ஆய்வாளர் தாகேயோமி எதோ 1980களில் நடு ஆசியாவிலிருந்து திரட்டிய பூண்டுகளில் சில, வளமான மகரந்தத்தையும் முளைக்கும் விதையையும் தருவதை நிறுவினார். மெய்யான விதையிலிருந்து பூண்டு வளர்க்கும் முயற்சிகள் அங்கிருந்தே வலுப்பெற்றன. ஆயினும் தோட்டத்தில் நமக்குக் கிடைப்பது இன்றளவும் பல்தான்.

தமக்கேற்ற ரகத்தைத் தேர்வது

முதலில் கேட்க வேண்டியது தம் இடத்தின் குளிர்காலம் எப்படிப்பட்டது என்பதே. மண் உறையும் அளவுக்குக் குளிர் வரும் இடத்தில் கடுங்கழுத்து வகைகள் தம் முழுத் திறனையும் காட்டும். குளிர் மிதமாக இருந்தால் ஆர்ட்டிசோக், சில்வர்ஸ்கின், கிரியோல் ஆகியவை பாதுகாப்பான தேர்வு. குளிர் மிகக் குறைவான இடங்களில், விதைப்பூண்டைச் சில வாரங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வெளியே எடுத்த உடனே ஊன்றும் உத்தியைக் கையாள்வார்கள். நிலத்தில் கிடைக்காத குளிரை முன்கூட்டியே கொடுத்துவிடும் ஏற்பாடு இது. சமையலுக்கான பூண்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் விரைவில் முளைத்துவிடுவதற்கும் இதே காரணம்தான். ஊன்றுவதற்கு உதவும் குளிர், சேமிப்புக்குப் பகையாகிறது.

அடுத்தது, விளைந்த பூண்டை எத்தனை மாதங்களுக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்ற கேள்வி. ஒரே ரகத்தை மட்டும் நம்பினால், சுவையுள்ள ரகம் முன்னதாகத் தீர்ந்துவிடும் அல்லது நெடுநாள் நிற்கும் ரகம் மட்டுமே மிஞ்சும். அறுவடை ஆன சில மாதங்களுக்கு ரொக்கம்போல், அதன் பின் போர்சலின், கடைசி மாதங்களுக்குச் சில்வர்ஸ்கின் என்று இரண்டு மூன்று குழுக்களைச் சேர்த்து வளர்த்தால் ஆண்டு முழுவதும் சொந்தப் பூண்டு கைவசம் இருக்கும்.

பலரும் கவனிக்கத் தவறும் மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் விளைச்சலின் ஒரு பகுதியை மறுபடி ஊன்றுவதற்கு ஒதுக்க வேண்டும். ஐந்து பற்கள் மட்டுமே கொண்ட போர்சலின் பூண்டில், அடுத்த ஆண்டும் அதே பரப்பில் பயிர் செய்ய வேண்டுமானால் ஐந்தில் ஒரு பங்கு விளைச்சல் விதைக்கே போய்விடும். பத்துப் பற்கள் உள்ள ரகத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். பதினைந்து பற்கள் கொண்ட ஆர்ட்டிசோக்கில் இன்னும் குறைவாகத் தோன்றலாம். ஆனால் உள்ளடுக்கின் சிறு பற்களை ஊன்றுவதால் பயனில்லை என்பதால் உண்மையான கணக்கு அவ்வளவு சாதகமானதன்று. பெரிய பல்லிலிருந்து பெரிய பூண்டு வரும். சிறிய பல் சமையலறைக்குரியது.

காரத்தைப் பற்றியும் ஒரு சொல். முழுப் பல்லில் பூண்டு மணம் இராது. பல்லை நசுக்கும்போது, தனித்தனி அறைகளில் இருந்த அல்லியின் என்னும் கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்னும் நொதியும் சந்தித்து அல்லிசினை உண்டாக்குகின்றன. 1944இல் செஸ்டர் கவாலிட்டோவும் ஜான் பெய்லியும் பிரித்தெடுத்து விவரித்த பொருள் அது. ரகம் மட்டுமன்றி மண்ணிலுள்ள கந்தகத்தின் அளவும் காரத்தைப் பாதிக்கும். ஆகவே ஒரு நிலத்தில் மென்மையாக இருந்த ரகம் மற்றொரு நிலத்தில் கண்ணீர் வரவழைக்கக்கூடும். பிறர் தரும் சுவை வருணனைகளை ஒரு வழிகாட்டியாக மட்டும் கொள்ளலாம்.

விதைப்பூண்டும் நிலமும்

சமையலுக்காக வாங்கிய பூண்டையே ஊன்றலாமே என்று தோன்றும். அதில் இரண்டு இடர்கள் உள்ளன. சேமிப்பில் முளைக்காமலிருக்க மேலிக் ஹைட்ரசைடு போன்ற வளர்ச்சித் தடுப்பிகளோ கதிர்வீச்சோ பயன்படுத்தப்பட்டிருக்கலாம். அத்தகைய பல் முளைக்காது அல்லது நோஞ்சானாக முளைக்கும். அதைவிடப் பெரிய இடர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பூண்டோடு வரும் நோய்கள். வெள்ளை அழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சை, கசகசா விதையளவு கருந்திரள்களாக மண்ணில் 20 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு காத்திருக்க வல்லது. வழக்கமான மூன்று நான்கு ஆண்டுப் பயிர்ச்சுழற்சி மற்ற நோய்களைக் குறைக்குமே தவிர, இதை அசைக்காது. ஒருமுறை நிலத்தில் நுழைந்தபின் இயற்கை முறையில் அதை வெளியேற்றுவது அநேகமாக முடியாத செயல். எனவே விதைப்பூண்டுக்குச் செலவிடும் கூடுதல் தொகையை நிலத்தைக் காக்கும் செலவாகவே கருத வேண்டும். இயற்கை முறையில் விளைந்தது என்ற சான்று மட்டும் போதாது. நோய்ச் சோதனை செய்யப்பட்டதா என்றும் விற்பவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும். சான்று வேளாண் முறையைப் பற்றிச் சொல்கிறது, பல்லின் உடல்நலத்தைப் பற்றிச் சொல்வதில்லை.

கடுங்கழுத்து ரகங்களின் பூந்தண்டில் தோன்றும் சிறு குமிழ்கள் இங்கே ஓர் அருமையான மாற்றுவழியைத் தருகின்றன. அவை மண்ணைத் தொடாமல் வளர்வதால் மண்வழி நோய்கள் பெரும்பாலும் அவற்றில் இருப்பதில்லை. முழுப் பூண்டாக இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்பதும், நச்சுயிரிகள் அவற்றின் வழியாகவும் கடத்தப்படும் என்பதும் உண்மைதான். என்றாலும் பொறுமை உள்ளவர் குறைந்த செலவில் தூய்மையான விதைப்பூண்டைப் பெருக்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி இல்லை.

நிலம் நீர் தேங்காததாக இருக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி அமைத்து, நன்கு மட்கிய தொழு உரமோ மட்கு உரமோ கலந்து, பொலபொலப்பாக்கிக்கொள்ள வேண்டும். மண்ணின் அமிலக் காரக் குறியீடு 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. வெங்காயமும் பூண்டும் கடைசியாக விளைந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆன இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மண் உறையும் இடங்களில், உறைவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் முன்னதாக ஊன்றினால் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். பூண்டை உடைப்பதை ஊன்றும் நாளுக்கு அல்லது அதற்கு முந்தைய நாளுக்குத் தள்ளிவைத்து, தோலை உரிக்காமல், தட்டையான அடிப்பகுதி கீழேயும் கூர்முனை மேலேயும் இருக்குமாறு, முனைக்கு மேல் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மண் மூடும்படி வைக்க வேண்டும். கடுங்குளிர் உள்ள இடத்தில் இன்னும் சற்று ஆழம் தேவை. பல்லுக்குப் பல் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம்.

பூண்டின் இலைகள் குறுகலானவை. மண்ணுக்கு நிழல் தந்து களையை அடக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. களைக்கொல்லி தெளிக்காதவருக்கு மூடாக்கே துணை. வைக்கோல் அல்லது உலர்ந்த இலைகளை 10 சென்டிமீட்டர் வரை பரப்பினால் களை அடங்கும், ஈரம் காக்கப்படும், கடுங்குளிரில் மண் உறைந்து இளகும்போது பற்கள் மேலே தள்ளப்படுவதும் குறையும். ஆனால் மழை மிகுந்த இடத்தில் தடித்த மூடாக்கு கழுத்தழுகலை வரவழைக்கும். அங்கே மூடாக்கை மெல்லியதாக்கிக் கைக்களை எடுப்பதே சரி.

தழைச்சத்து இலைகள் வளரும் முதற்பாதியில் தேவை. குமிழ் திரளத் தொடங்கிய பிறகு உரமிட்டால் இலை மட்டும் செழித்து, பூண்டு தாமதமாகவும் தளர்வாகவும் முதிரும். பூண்டின் ஒவ்வோர் இலையும் கீழே ஒரு மேல்தோலாகத் தொடர்கிறது என்பதை அறிந்தால், இலைகளை ஆரோக்கியமாகக் காப்பது ஏன் சேமிப்புக்கு இன்றியமையாதது என்று புரியும். கடுங்கழுத்து ரகங்களில், சிறு குமிழ்களுக்காக விட்டுவைப்பவை தவிர, பூந்தண்டு சுருளத் தொடங்கும்போது ஒடித்துவிட வேண்டும். மேலே செல்லவிருந்த சத்து குமிழுக்குத் திரும்பும், ஒடித்த தண்டும் உண்ணத்தக்கது.

அறுவடை, உலர்த்தல், மறுபடியும் தேர்வு

எப்போது தோண்டுவது என்பதே பூண்டு வளர்ப்பில் மிகக் கடினமான முடிவு. இலைகளில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காய்ந்து, மேலே ஐந்தாறு இலைகள் பசுமையாக இருக்கும் நிலை பொதுவாக ஏற்றது. எல்லா இலைகளும் காயட்டும் என்று காத்திருந்தால் மேல்தோல்கள் மண்ணிலேயே மட்கிப் பற்கள் விரிந்துவிடும். அத்தகைய பூண்டு எந்த ரகமாயினும் நெடுநாள் நிற்காது. ஐயமிருந்தால் ஒன்றிரண்டைத் தோண்டிக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். பற்கள் தம் தோலுக்குள் நிறைந்திருந்தால் காலம் வந்துவிட்டது. அதற்கு இரண்டு வாரங்கள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தியிருக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுக்காமல் கவைக்கோலால் மண்ணை நெகிழ்த்தி எடுப்பதும், எடுத்ததைத் தட்டாமல் வீசாமல் கையாள்வதும் அவசியம், ஏனெனில் கன்றிய பூண்டிலேயே அழுகல் தொடங்குகிறது.

கழுவாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இலையோடும் வேரோடும் மூன்று நான்கு வாரங்கள் உலர்த்திய பிறகே தண்டை நறுக்க வேண்டும். சேமிக்கும் இடம் உலர்ந்ததாக, சாதாரண அறை வெப்பத்தில் இருக்கலாம், அல்லது உறைநிலையை ஒட்டிய கடுங்குளிரில் இருக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட, 5 முதல் 10 டிகிரி வரையிலான குளிரே முளைப்பைத் தூண்டுவது.

அந்தச் சேமிப்பிலிருந்து அடுத்த ஆண்டுக்கான விதைப்பூண்டைப் பொறுக்கும்போது, பெரியதும் உறுதியானதும் கறையற்றதுமானவற்றை முதலில் எடுத்துவைத்துவிட்டு, எஞ்சியதைச் சமையலுக்கு அனுப்ப வேண்டும். இதில் வரிசை மாறக் கூடாது. ஒரே உடலின் தொடர்ச்சி என்பதால் இந்தப் பொறுக்கல் புதிய குணம் எதையும் படைத்துவிடாது, ஆனால் நோயுற்றவற்றை ஆண்டுதோறும் வடிகட்டிவிடும். மஞ்சள் கீற்று விழுந்த இலைகளோடும் குன்றிய வளர்ச்சியோடும் நின்ற செடிகளை வயலில் இருக்கும்போதே அடையாளமிட்டுத் தனியே பிரித்திருந்தால் இந்த வடிகட்டல் இன்னும் கூர்மையாகும். ஒவ்வொரு ரகத்தையும் தனிக்கட்டாகக் கட்டி, பெயரோடு குழுவையும் ஊன்றிய நாளையும் தோண்டிய நாளையும் சீட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். உலர்ந்த பிறகு எல்லாப் பூண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும்.